ஒன்பதாவது ஸ்லைடு

காலை 10.40.

கூட்ட அறையில் முதலீட்டாளர்கள் ஆறு பேர். இன்ஷூரன்ஸ் செயலி நடத்தும் முதலாளி ரிமோட்டை அழுத்தினார். ஒன்பதாவது ஸ்லைடில் ஒரு சிரித்த குடும்பமும், 'க்ளெய்ம் கேட்ட ஒன்பதே நிமிடத்தில் பணம்' என்ற வாசகமும் வந்திருக்க வேண்டும். வந்ததோ கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்து.

'லாரி ஓட்டுநர். வயது 43. இரண்டு பெண் குழந்தைகள். மாரடைப்பில் இறந்தார். மனைவி க்ளெய்ம் கேட்டார். எங்கள் செயலி ஒன்பதே நிமிடத்தில் மறுத்தது.'

முதலாளியின் முகம் சுண்டிப்போனது. "சின்ன டெக்னிக்கல் பிரச்சினை" என்று பல்லைக் காட்டினார். பன்னிரண்டு மணிக்கு மறுபடி தொடங்கலாம் என்று சொல்லி, வந்தவர்களைக் காபியோடு பக்கத்து அறைக்கு அனுப்பிவைத்தார்.

10.50.

'சல்லடை'யைக் கூப்பிட்டார்கள். க்ளெய்ம் விசாரணை அதிகாரி. செத்தவர்கள் உயிரோடு இருக்கும்போது எதையெல்லாம் மறைத்தார்கள் என்று இருபது வருடமாகச் சலித்துக்கொண்டிருப்பவர். பட்டப்பெயரைப் புகழ்ச்சி என்றே நினைத்திருந்தார், பாவம்.

"கண்டுபிடிக்க ஒண்ணுமில்ல. ஸ்லைடு போடுற டிசைனர் பொண்ணுதான்" என்றார் முதலாளி. "செத்தது அவ அண்ணன். போன மாசம் என் ரூமுக்கு வந்து அழுதா. நீங்க எழுதி மட்டும் குடுங்க, பன்னெண்டுக்குள்ள போலீஸ்ல ஒப்படைச்சிடுறேன்."

"ஸ்லைடைத் திறக்குற பாஸ்வேர்டு யார் யார்கிட்ட இருக்கு?"

"எனக்கு, அவளுக்கு, ஆக்சுவரிக்கு."

"நீங்க எழுதலையே?"

"என்ன, நக்கலா?"

சல்லடைக்குக் கோப்பைப் பார்க்காமலே அந்த லாரி ஓட்டுநரைத் தெரியும். அதை அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

11.00.

டிசைனர் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீயா எழுதினே?"

"இல்ல சார். எழுதணும்னு எத்தனையோ நாள் தோணியிருக்கு. தைரியம் வரல. அண்ணியும் ரெண்டு பிள்ளைங்களும் இப்ப என்னை நம்பித்தான் இருக்காங்க. எனக்கு வேலை போனா நாலு பேரும் நடுத்தெருவுலதான்."

"அண்ணனுக்கு என்ன வயசு?"

"நாப்பத்திரெண்டு. அடுத்த பிறந்தநாளுக்கு நாலு மாசம் இருந்துச்சு."

11.15.

யார் எந்த வயதில் சாவார் என்று கணக்குப் போட்டு பிரீமியம் நிர்ணயிப்பவர் ஆக்சுவரி. அவர் மகளுக்குப் பள்ளி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். வயது என்ற கட்டத்தில் 11 என்று எழுதி, அடித்துவிட்டு, 10 என்று போட்டிருந்தார்.

"அடித்தல் திருத்தலை ஏத்துக்குவாங்களா?" என்றார் சல்லடை.

"பத்து வருஷம் ஏழு மாசம். கைப்பழக்கத்துல எழுதிட்டேன்."

"அந்த விண்ணப்பத்தைக் கொஞ்சம் எடுத்துக்கிட்டு வாங்க."

11.30.

சல்லடை க்ளெய்ம் கோப்பைப் புரட்டினார். அதில் வயது எங்கேயும் இல்லை. பிறந்த தேதி, இறந்த தேதி, அவ்வளவுதான்.

11.40.

பாஸ்வேர்டு தெரிந்த மூவரும் கூட்ட அறையில்.

"ஸ்லைடுல நாப்பத்திமூணுன்னு இருக்கு. கோப்புல வயசே கிடையாது. அப்போ எழுதினவர் ரெண்டு தேதியை வெச்சுத் தானே கணக்குப் போட்டிருக்கார். தங்கச்சி போட்டிருந்தா நாப்பத்திரெண்டு. முதலாளி, நீங்க போட்டிருந்தாலும் அதேதான். முடிஞ்ச வருஷத்தைத்தான் எல்லாரும் எண்ணுவாங்க. பிரீமியம் போடுறவங்க மட்டும், கிட்டத்துல எந்தப் பிறந்தநாள் இருக்கோ அதை வயசா எடுப்பாங்க. ஆறு மாசம் தாண்டினா அடுத்த வயசு."

பள்ளி விண்ணப்பத்தை மேசையில் விரித்தார்.

"பெத்த பொண்ணுக்கே அப்படித்தான் எழுதியிருக்கீங்க, ஆக்சுவரி சார்."

ஆக்சுவரி மறுக்கவில்லை. "யாருக்கு இல்லைன்னு சொல்லணும்னு அந்தச் செயலிக்குச் சொல்லிக்குடுத்ததே என் கணக்குதான். தூக்கம் வரல. பணம் போடுறவங்களாவது தெரிஞ்சுக்கட்டும்னு எழுதினேன். பழி இந்தப் பொண்ணு மேல விழும்னு யோசிக்கல."

"வெளிய போய்யா!" என்று முதலாளி கத்தியபோது கதவு திறந்தது. முதலீட்டாளர்களில் மூத்தவர் தலையை நீட்டினார்.

"அந்த ஒன்பதாவது ஸ்லைடு... நிஜமாவே ஒன்பது நிமிஷத்துல மறுத்துடுமா? மத்த கம்பெனிகளுக்கு ரெண்டு மாசம் ஆகுது. அதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, எங்களுக்குப் பிடிச்சிருக்கு."

முதலாளியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கதவு மூடியதும் டிசைனரைப் பார்த்தார்.

"அந்த ஸ்லைடு அப்படியே இருக்கட்டும்மா. கறுப்பை மட்டும் நீலமாக்கிடு."

11.50.

ஆக்சுவரி விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்தார். வாசலில் சல்லடையிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்த ஓட்டுநர் மனைவி அப்பீல் பண்ணப்போ, மூணு வருஷத்துக்கு முந்தைய மருந்துச்சீட்டு ஒண்ணைத் தோண்டியெடுத்து, நோயை மறைச்சார்னு கேஸை மூடினீங்களே, அதையும் எழுதியிருக்கணும். விட்டுட்டேன்."

ஒரே ஒரு பட்டை ரத்த அழுத்த மாத்திரைக்கான சீட்டு அது. அன்று எல்லாரும் சல்லடையின் கையைக் குலுக்கினார்கள்.

11.58.

டிசைனர் திரையில் நீல நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். சல்லடையைக் கண்டதும் எழுந்து கைகூப்பினாள்.

"நீங்க இல்லேன்னா என்னை உள்ள தள்ளியிருப்பாங்க சார். உங்க கண்ணுக்கு எதுவுமே தப்பாது. எங்க அண்ணி அப்பீலை உங்களை மாதிரி ஒருத்தர் பாத்திருந்தா..."

சல்லடை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெட்கமாக இருந்தது.

"பன்னெண்டு ஆகப்போகுதும்மா" என்றார். "வேலையைப் பாரு."