படகுத் துறையில் ஒரு கொட்டாங்கச்சி

ரெத்தினம் திருப்பிக் கட்ட வேண்டியது ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய். இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை, வாரம் முந்நூறு. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் காவிரியில் பொழுதுபோக்காகப் பாய்ப்படகு ஓட்டும் சங்கத்துக்காக, ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்துவந்த கூலி அது.

"வீட்டுக் குழாயில புடிச்சு ஏமாத்திட்டேங்கிறாங்கம்மா. பணம் கட்டலன்னா போலீஸாம்."

நூர்ஜஹான் வீட்டு வாசலில் நின்று இதைச் சொன்ன ரெத்தினம் அழவில்லை. காலில் வயல் சேறு காய்ந்திருந்தது.

நூர்ஜஹான் தஞ்சாவூரில் ஓர் ஆய்வகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் துப்பறியக் கிளம்பினால் பக்கத்து வீட்டு செம்மொழி ஆட்டோவுக்கு வாடகை கேட்க மாட்டான்.

மூவரும் போய் இறங்கியபோது துறையில் சங்கச் செயலாளர் சூர்யபிரகாஷ் நின்றிருந்தார்.

"தண்ணியில விழுந்த மூணு பேருக்கு உடம்பெல்லாம் கொப்புளம் மேடம். ஒருத்தர் ஆஸ்பத்திரியில கிடக்கார். ரிப்போர்ட்ல மட்டும் வாராவாரம் சுத்தம்!"

ரெத்தினம் கடைசியாகப் பிடித்த பாட்டிலை நீட்டினார். நூர்ஜஹான் வெயிலில் தூக்கிப் பார்த்தார். தெளிந்த தண்ணீர். அடியில் ஒரு சிட்டிகை மணல். படகுகளின் அடியிலோ விரல் கனத்துக்குப் பாசி. மணல்திட்டில் ஒரு கொட்டாங்கச்சி கவிழ்ந்து கிடந்தது.

"குழாய்த் தண்ணியேதான்க்கா!" என்றான் செம்மொழி.

"பஞ்சாயத்துக் குழாயில குளோரின் போடுறாங்க. ரிப்போர்ட்ல குளோரினே இல்ல. மணலும் இருக்கு. ஆட்டோவையும் இப்படித்தான் பாக்காம ஓட்டுவியா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். "ரெத்தினம், வாராவாரம் பிடிக்கிற மாதிரி பிடிங்க."

ரெத்தினம் படகுகளைத் தாண்டி மணல்திட்டுக்குப் போனார். மண்டியிட்டு முழங்கை ஆழம் தோண்டினார். தண்ணீர் சுரந்தது. கொட்டாங்கச்சியால் கலங்கலை இறைத்துக் கொட்டினார். தெளியும்வரை காத்திருந்து பாட்டிலை நிரப்பினார்.

"இது ஊத்து," என்றார் நூர்ஜஹான். "இங்க குடிக்கத் தண்ணி எடுக்கிற முறை. மணல் வடிகட்டிடும், பாசி வராது. நீங்க விழுற தண்ணி வேற, ஆய்வகத்துக்குப் போன தண்ணி வேற. எந்த இடத்துல பிடிக்கணும்னு இவருக்குச் சொன்னீங்களா?"

சூர்யபிரகாஷ் தலை குனிந்தார். "பாட்டிலை மட்டும்தான் குடுத்தோம்."

"ஆத்துலயே முக்கியிருக்கலாமே, ரெத்தினம்?"

"படிச்சவங்க பாக்கப்போற தண்ணிம்மா. பாசியோட எப்படிக் குடுக்கிறது? மரியாதையா இருக்காதே."



அன்றே நடு ஆற்றில் பிடித்த தண்ணீரை நூர்ஜஹான் ஆய்வகத்தில் கொடுத்தார். நாலாம் நாள் ரிப்போர்ட் வந்தது. சாக்கடைக் கிருமி, அனுமதித்த அளவைப் போல் பல மடங்கு. படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டார்கள்.

சங்க நோட்டில் ஏழாயிரத்து எண்ணூறை அடித்து சூர்யபிரகாஷ் கையெழுத்துப் போட்டார்.

"மன்னிச்சுக்குங்க. இனி ஞாயித்துக்கிழமை வர வேணாம். படகு ஓடாது."

"சரிங்க," என்றார் ரெத்தினம். கையிலிருந்த காலிப் பாட்டிலை ஊற்றில் நன்றாகக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.