உக்கிரபாண்டியின் ரேகை

சிம்மக்கல்லில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் இருந்தது அந்தப் பழம்பொருள் கூடம். உடைந்த நடுகல், துருப்பிடித்த வாள், செப்புப் பட்டயம், யாருக்கும் வேண்டாத நெல் அளக்கும் மரக்கால் எல்லாவற்றுக்கும் அங்கேதான் அடைக்கலம். காவலுக்கு மலைச்சாமி. அவரையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்குச் சரியாகும் என்று கீழே மூட்டை தூக்குகிறவர்கள் கேலி பேசுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு காலத்தில் அவர் எழுமலைப் பக்கம் ஒரு போலீஸ் சாவடியில் நோட்டு எழுதும் ரைட்டர். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட அந்த வட்டாரத்து ஆண்பிள்ளைகள் பொழுது சாய்ந்ததும் சாவடிக்கு வந்து, நோட்டில் தங்கள் கட்டத்தில் பெருவிரல் ரேகை வைத்துவிட்டு, விடியும்வரை அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். வராதவனைத் தேடி லாந்தரோடு போலீஸ் கிளம்பும். அகப்பட்டால் ஜெயில். மனிதரை மாடுபோல் பட்டியில் அடைத்த அந்தக் கைரேகைச் சட்டம் போன வருஷம்தான் ஒழிந்தது. சாவடி நோட்டுகள் சாக்கில் கட்டுண்டு இந்தக் கூடத்துக்கு வந்து சேர்ந்தன.

வந்த நாள் முதல் ஒரு நோட்டில் மட்டும் ஓடைச் சேற்று வாடை. வெயிலில் காயவைத்தும் போகவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மலைச்சாமி அந்த நோட்டை அடியில் தள்ளி, மேலே மரக்காலை வைத்திருந்தார்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் இருளாயி படியேறி வந்தாள்.

"அய்யா, ரேகை நோட்டெல்லாம் இங்கன இருக்குன்னாக. எங்க வீட்டுக்காரரு ரேகையை ஒரு தடவை பாத்துட்டுப் போயிருவேன். எழுமலையில இருந்து வாரேன். படம்கிடம் ஒண்ணும் கிடையாது. அவரு முகமே மறந்துக்கிட்டு வருது."

"பேரு என்ன தாயி?"

புருஷன் பெயரை அவள் எப்படிச் சொல்வாள்? தலையைக் குனிந்தாள்.

"பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி ஓடை வெள்ளத்துல போனாரே, அவரு. பெருவிரல்ல அருவா வெட்டுன தழும்பு குறுக்கால ஓடும்."

மலைச்சாமிக்கு அந்தப் பெயர் தெரியும். உக்கிரபாண்டி.

மரக்காலை நகர்த்தி நோட்டை எடுத்தார். அட்டை ஈரமாக இருந்தது. உக்கிரபாண்டியின் பக்கத்தைப் பிரித்து அவள் முன் வைத்தார்.

அவள் ஒவ்வொரு கட்டமாக விரலால் தடவினாள். எல்லா ரேகையிலும் குறுக்கே தழும்பின் வெள்ளைக் கோடு. அவள் முகம் மலர்ந்தது. கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"இது அவரு இல்லையே."

வெளியே மழை வலுத்தது.

"இல்ல தாயி," என்றார் மலைச்சாமி. "அது என் ரேகை."

பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். "அன்னிக்கு ராத்திரி உக்கிரபாண்டி சாவடிக்கு வரல. பிள்ளைக்குக் காய்ச்சல்னு பக்கத்து வீட்டு ஆளு சொன்னான். ஒரு ராத்திரியாவது வீட்ல இருக்கட்டும்னு அந்தக் கட்டத்துல நானே வச்சேன்."

"அவரு சாவடிக்குப் போகமாட்டேன்னுதான் சொன்னாரு," என்றாள் இருளாயி. "ஜெயில்ல போட்ருவாகன்னு நான்தான் தள்ளிவிட்டேன். விடிஞ்சதும் வந்துருவாருன்னு இருந்தேன்."

அவன் சாவடியில் இருக்கிறான் என்று அவள் நினைத்தாள். வீட்டில் இருக்கிறான் என்று இவர் நினைத்தார். வழியில் ஓடை இழுத்துப்போனவனைத் தேடி ஒரு லாந்தரும் கிளம்பவில்லை.

"ராவெல்லாம் ஓடைக்கரை வேரைப் பிடிச்சுக்கிட்டே கிடந்திருக்காருய்யா. மறுநாள் தூக்கையில உடம்புல இன்னும் சூடு இருந்துச்சு."

மலைச்சாமி வாய்விட்டு அழுதார். அவள் அவரைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை.

"வரலைன்னு எழுதுங்கய்யா. இப்பவாச்சும் எழுதுங்க."

அவர் தன் ரேகையைக் குறுக்கே அடித்தார். பக்கத்தில் எழுதினார்: வரவில்லை.

கீழ்ப்படியில் ஏதோ சொதசொதத்தது.

இன்னொரு படி.

இன்னொன்று.

சேற்று வாடை கூடத்தை நிறைத்தது. சுவரில் காட்சிக்கு மாட்டியிருந்த லாந்தர் மெல்ல ஆடியது. காலடி வாசலில் வந்து நின்றது. அங்கே யாரும் இல்லை. தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

இருளாயி எழுந்தாள். கட்டிய நாளிலிருந்து உச்சரிக்காத பெயரை வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"உக்கிரபாண்டீ! சட்டம் போயிருச்சுய்யா. இனி யாரும் தேட மாட்டாக. வீட்டுக்கு வந்துருங்க!"

சொட்டு நின்றது. வாடையும் அடங்கியது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

போய்விட்டான் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மலைச்சாமி நோட்டை மூடப் போனார்.

'வரவில்லை' என்ற எழுத்தின் மேல் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. ஈரச் சேற்றில் பதிந்திருந்த அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.