ரீசெட்டுக்குப் பின்னும் இருந்தவன்

ரீசெட் கொடுத்தால் திரை கறுப்பாகிவிட வேண்டும். ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள்போல ஓடும் பாவனைக் கணினிகளையும் அவற்றின் பாவனைத் திரைகளையும் கட்டி மேய்ப்பதிலேயே இருபத்தாறு வருடம் கழித்தவருக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைப் பிற்பகல், ஆளில்லாத அலுவலகத்தில் அவர் ரீசெட் கொடுத்தபோது, திரையின் இடது ஓரத்தில் விரற்கடை அகலத்துக்குச் சாம்பல் நிறப் பட்டை ஒன்று மிஞ்சி நின்றது.

உற்றுப் பார்த்தார். யாரோ ஒருவருடைய சட்டையின் முதுகு.

கீழே வரவேற்பறையில் தம்பியின் மனைவி காலையிலிருந்து காத்திருந்தாள். அவள் கேட்டது ஒரே ஒரு கடிதம்: தவறு தன் புருஷனுடையது இல்லை என்று.

“எனக்காக இல்ல மாமா. ஸ்கூல்ல எம் பொண்ணைத் திருடன் மகள்னு கூப்பிடறாங்க.”

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

தவறு யாருடையது என்று அவருக்குத் தெரியும். ஒரே சர்வரின் மெமரியைத்தான் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். எந்தப் பகுதி யாரோடு இணைந்திருக்கிறது என்பதற்குப் பட்டியல் உண்டு. ரீசெட் ஆகும்போது பழைய இணைப்புகளை எடுத்த பிறகே அடுத்தவரை உள்ளே விடவேண்டும். இல்லாவிட்டால் முன்பு இருந்தவர் விட்டுப்போனதெல்லாம் பின்னால் வந்தவர் கண்ணில் படும். இணைப்புகளை எடுக்கும் அந்தப் படிக்கு இரண்டு விநாடி பிடித்தது. வேகத்தைக் காட்டி மேலிடத்தில் பேர் வாங்க ஆசைப்பட்டு, அதை நீக்கச் சொன்னவர் அவர்தான்.

அண்ணன் சொல்வார், அதே அலுவலகத்தில் இருந்த தம்பி கணினியில் தட்டுவான். அது அந்த வீட்டு வழக்கம். அன்று மட்டும் தம்பி தயங்கினான்.

“வேண்டாம்ணா. அடுத்தவன் வீட்டு ரகசியம் தெருவுக்கு வந்துடும்.”

“நான் சொல்றேன், தட்டு.”

தட்டியவன் பெயர்தான் பதிவானது. ஒரு மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகள் யார் யார் கையிலோ போய்ச் சந்தி சிரித்தபோது, விசாரணையில் அவர் வாய் திறக்கவில்லை. மூத்தவன் தலை குனிந்தால் குடும்பமே குனிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேலை போன நாலாம் மாதம், ஒரு மதியத் தூக்கத்திலேயே தம்பி போய்ச் சேர்ந்தான்.

மறுபடி ரீசெட் கொடுத்தார். பட்டை பாதித் திரைக்கு அகன்றது. குளிர்சாதனத்தின் ஒரே சீரான இரைச்சலுக்கும் சூடேறிய தூசியின் வாடைக்கும் நடுவே, மணிக்கட்டு வலிக்குத் தம்பி தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் நெடி எங்கிருந்தோ கசிந்து வந்து, அவர் தோளருகே வந்ததும் நகராமல் நின்றது. மூன்றாம் ரீசெட்டில் திரை நிரம்பியது. இதே அறை. இதே ஜன்னல். அவருடைய முதுகு. பக்கத்து நாற்காலியில் இன்னொரு முதுகு.

திரும்பினார். நாற்காலி காலி. மெத்தை மட்டும் அழுந்தியிருந்தது.

வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, ‘என் தம்பி மேல் தவறில்லை’ என்று எழுதினார். நெடி தணிந்தது. ‘நான்தான்’ என்று தொடரப்போன விரல் நின்றுவிட்டது. அப்பாவின் பெயர். சொந்தக்காரர்கள். நாளைக்கு நாலு பேர் முன்னால் நடக்கவேண்டுமே.

அழித்தார்.

அதற்குப் பதில், அன்று நீக்கச் சொன்ன அந்தப் படியைத் தன் கையாலேயே திரும்பச் சேர்த்தார். பழைய இணைப்பு எதையும் மிச்சம் வைக்காதே. ரீசெட்.

பட்டியல் ஓடியது. இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசி வரியில் அவருடைய பெயர். நிறுத்தக் கை நீட்டினார். அதற்குள் அதுவும் போய்விட்டது.

இரைச்சல் இல்லை. நெடியும் இல்லை.

கதவு திறந்தது. தம்பியின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“மாமா?”

“இங்கதாம்மா இருக்கேன்.”

அவள் உள்ளே வந்தாள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒற்றைக் கையால் ஒதுக்கினாள். யாருமே இல்லாத நாற்காலிபோல அது லேசாக உருண்டு போனது.

“எழுதித் தரேன். எல்லாத்தையும் எழுதிடறேன்.” விசைகளை அழுத்தினார். ஒன்றும் அமுங்கவில்லை. பலம்கொண்ட மட்டும் குத்தினார். சத்தமில்லை.

அவள் திரையைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரையில் இரண்டு பேர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதில் இளையவன், அண்ணன் பக்கமாக, மெல்லத் திரும்பத் தொடங்கினான்.