கப்பலில் ஓடிய கை

"அறுபது பேர் நாற்பது வருஷமா இந்த விண்கப்பல்லதான் வாழ்றாங்க. அதான் படத்தோட கதை. இதைப் பார்த்தா நேத்து கடையில வாங்கின ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கு," என்றார் இயக்குநர். "சாப்பிட்டு வர்றதுக்குள்ள அழுக்காக்குங்க. இல்லன்னா வேற பெயின்டரைக் கூப்பிட்டுக்கறேன்."

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். செட்டுக்குச் சாயம் பூசும் பெயின்டரான வாலுவின் அப்பா மட்டும் தூரிகையை எடுத்தார். அவர் கோடு போட்டால் ஸ்கேல் தோற்றுப்போகும். அழுக்கையும் அப்படியே போட்டார். சாணுக்கு ஒரு கறை, எல்லாம் ஒரே அளவு.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. வாலுதான். வயது பத்து. படப்பிடிப்புக் கூடத்துக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. அதனால் லீவு முழுக்க அவளுக்கு மேசையடிதான்.

"அப்பா, இது அழுக்கு இல்ல. டிசைன்."

"வாயை மூடிட்டு உள்ள போ."

"நம்ம வீட்டுல நடுச்சுவருலயா அழுக்கு இருக்கு? சுவிட்சைச் சுத்தி இருக்கு. நான் ஓடித் திரும்புற மூலையில இருக்கு. நீங்க தலை சாய்க்கிற இடத்துல இருக்கு."

அப்பாவின் தூரிகை நின்றது. "இங்க யாரு ஓடுவா?"

"நான்."

வாலு பழுப்புச் சாயத்தில் கையை நனைத்தாள், துணியில் பாதி துடைத்தாள், ஓடினாள். திரும்பும்போது மூலையைப் பிடித்தாள். தடுக்கியபோது கதவைப் பிடித்தாள். பத்து நடை ஓடியதும் கப்பலுக்கு வயதாகிவிட்டது.

காலடிச் சத்தம் கேட்டது. அவள் மேசைக்கு அடியில் புகுந்தாள்.

இயக்குநர் சுவரில் இருந்த கைத்தடங்களைக் குனிந்து பார்த்தார். "நாற்பது வருஷத்துல பிள்ளைங்க பிறந்திருப்பாங்கல்ல! எனக்கே தோணல. இவ்வளவு கீழ கை வைக்க யாருக்குத் தோணுச்சு?"

"எனக்குத்தான் சார்," என்றார் அப்பா.

மேசையடியில் வாலு பழுப்பேறிய தன் கையைப் பார்த்தாள்.

"பக்கத்து ரூமுக்கும் வைங்க. நான் பார்க்கணும்."

அப்பா கையை நனைத்துச் சுவரில் வைத்தார். முறம் மாதிரி விழுந்தது.

"இது அந்தக் கை இல்லையே," என்றார் இயக்குநர். அப்பா தரையைப் பார்த்தார்.

வாலு உள்ளேயே இருந்திருக்கலாம். வெளியே வந்தாள். "அது என் கை சார். சொன்னா என்னை அனுப்பிடுவாங்கன்னுதான் அப்பா அப்படிச் சொன்னார்."

இயக்குநர் சிரித்துவிட்டார். "சுவரும் இருக்கட்டும், பெயின்டரும் இருக்கட்டும்."

கூட வந்த படப்பிடிப்பு மேலாளர் சிரிக்கவில்லை. "பாப்பா இருக்கக் கூடாது," என்று அவளை வாசலில் காவலாளியின் பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைத்தார். மறுநாளும் அங்கேதான். அதற்கு மறுநாளும்.

மூன்றாம் நாள் அப்பா வெளியே வந்தார். "சின்ன கிளவுஸ்ல பஞ்சு அடைச்சு வெச்சுப் பார்த்தேன். பொம்மை கை மாதிரி வருது."

"உங்களுக்குத்தானே தோணுச்சு? நீங்களே யோசிங்க."

அப்பா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"கூடாதுதான்."

இரண்டு வண்டிகள் கடந்து போயின. அப்பா எழுந்தார்.

"விரலை விரிக்காதீங்க," என்றாள் வாலு, அவரைப் பார்க்காமலே. "ஓடுற பிள்ளை கையை அழுத்தாது. தேய்ச்சுட்டே போகும்."

அப்பா உள்ளே போனார். சாயங்காலம் வரை மறுபடி கேட்க வரவில்லை. அப்படியென்றால் சரியாக வந்துவிட்டது என்று வாலுவுக்குத் தெரிந்தது.