சத்தம் போடாத மூட்டை

செம்மநத்தத்திலிருந்து ஏற்காட்டுக்கு மிளகு கொண்டுபோக வேண்டுமானால் கஸ்டம்ஸ் பங்களா கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்னொரு காலத்தில் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. அதையும் எஸ்டேட்காரர்கள் கம்பி வேலி போட்டு விழுங்கிவிட்டார்கள். எஸ்டேட் மிளகு திருட்டுப் போகிறதென்று சொல்லி, கேட்டில் ஒவ்வொரு மூட்டையையும் சோதிப்பார்கள்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்குத் தனபாலின் ஜீப் அந்த கேட்டில் வந்து நின்றது. மூடுபனி இறங்கிவிட்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சுஜாதாவுக்கு கேட்டைப் பார்த்ததுமே வயிறு எரிந்தது. சொந்தக் காட்டில், சொந்தக் கையால் பறித்த மிளகைக் கொண்டுபோவதற்குத் திருடியைப் போலக் கைகட்டி நிற்க வேண்டும். என்ன பிழைப்பு இது!

பின்னால் ஐந்து மூட்டை மிளகு. அவற்றுக்கு நடுவே மகள் ஹரிணி. ஏழு வயது. காலையிலிருந்து காய்ச்சல். மிளகைப் போட்டுவிட்டு அப்படியே டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முன் சீட்டில் குளிர்காற்று முகத்தில் அடித்ததால் சுஜாதாதான் சொல்லியிருந்தாள். “காலிச் சாக்குக்குள்ள பூந்து படுத்துக்க கண்ணு, கதகதன்னு இருக்கும்.” மலையில் குளிர் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் படுப்பதுதான் அது. அதில் ஒரு தப்பும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

எஸ்டேட் பங்களாவின் மேனேஜர் பாலகுமார் கையில் இரும்புக் கம்பியோடு வந்தான். சேலத்திலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் மலையே தன் பெயரில் பட்டா ஆனதுபோல ஒரு நடை. அரிசி மண்டியில் மூட்டையைக் குத்திப் பார்ப்பார்களே குத்தூசி, அதற்குப் பெரியப்பன் மாதிரி இருந்தது அந்தக் கம்பி. ஆள் உயரம், கூரான முனை, நெடுகிலும் ஒரு பள்ளம். குத்தி இழுத்தால் மூட்டைக்குள் இருப்பது அந்தப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு வரும். பங்களாப் பரணில் ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்ததை அவன்தான் கண்டெடுத்தான். கூடவே ஒரு வெள்ளைக்காரத் துரையின் படமும் கிடைத்தது. தோணியின் மேல் நின்றுகொண்டு, கையில் இதே கம்பி.

பங்களாவில் காசு கொடுத்துத் தங்க வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் பாலகுமார் அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வான். துரை கடற்கரையில் சுங்க அதிகாரியாக இருந்தாராம். சிலோனிலிருந்து பாய்மரத் தோணி வந்தால் ஒரு மூட்டை விடாமல் குத்திப் பார்ப்பாராம். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு சிட்டிகை உப்புகூடக் கரையேறாதாம். ஓய்வு பெற்றதும் இங்கே காப்பித் தோட்டம் வாங்கி, இந்தப் பங்களாவைக் கட்டினாராம்.

மீதிக் கதை பங்களாவில் சமைக்கிற இன்பமேரிக்குத் தெரியும். அவளுக்கு முன் அங்கே சமைத்தவர்கள் வாய்வழியாக வந்தது. போன வாரம் சுஜாதாவை அடுப்படிக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

ஒருநாள் துரை ஒரு கொட்டைப்பாக்கு மூட்டையைக் குத்தினார். ஒன்றும் தெரியவில்லை. நோட்டில் ‘சோதித்தாயிற்று’ என்று எழுதிவிட்டுக் கரைக்கு வந்து பார்த்தால், கம்பிப் பள்ளம் சிவப்பாக இருந்தது. திரும்பிப் போய் மூட்டையை அவிழ்த்திருக்கலாம். எழுதியதை அடித்துத் திருத்துவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். கிடங்கில் மறுநாள் அவிழ்த்தபோது உள்ளே ஒரு பெண் இருந்தாள். கங்காணி ஆசை காட்டிச் சிலோன் காப்பித் தோட்டத்துக்குக் கூட்டிப்போன பெண். அடி தாங்காமல் தப்பி, ஊருக்குத் திரும்புகிறவள். சேர்வராயன் மலைதான் அவள் ஊர். தோணிக்காரர்கள் இரக்கப்பட்டு ஒளித்து வைத்திருந்தார்கள்.

“முந்தானையச் சுருட்டி வாயில அடைச்சிருந்தாளாம் கண்ணு. கம்பி உள்ள எறங்குறப்பக்கூட ஒரு சத்தம் போடல. சத்தம் போட்டா தோணிக்காரங்க மாட்டிக்குவாங்கன்னு.”

காதும் காதும் வைத்தாற்போலப் புதைத்துவிட்டார்கள். அந்தத் துரை கடைசியில் இதே மலைக்கு வந்து சேர்ந்தார். தானாக வந்தாரா, அவள் இழுத்து வந்தாளா? வீட்டில் ஒரு சாக்கைக் கண்டால் கிழித்துப் பார்ப்பாராம், சாகும்வரை. கம்பியைப் பெட்டியிலிருந்து எடுத்த நாளிலிருந்து, அது மாட்டியிருக்கிற சுவரில் உப்புப் பூக்கிறது என்றாள் இன்பமேரி. துடைக்கத் துடைக்கப் பூக்கிறதாம்.

“ரெண்டு பேரும் எறங்கி அந்தப் பக்கம் நில்லுங்க. வண்டிகிட்ட யாரும் நிக்கக்கூடாது,” என்றான் பாலகுமார். அவன் பின்னால் விருந்தாளிகள் இரண்டு பேர் படமெடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

“பின்னால புள்ள படுத்திருக்குதுங்க சார்,” என்றாள் சுஜாதா.

பாலகுமார் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து, பாப்பா என்று கூப்பிட்டான். சுஜாதாவும் கூப்பிட்டாள். தனபாலும் கூப்பிட்டான்.

பதில் இல்லை.

இங்கே வண்டி நின்றால் ஹரிணி இறங்கி இன்பமேரியின் அடுப்படிக்கு ஓடுவது வழக்கம். சூடாக ஏதாவது கிடைக்கும். அங்கேதான் போயிருப்பாள் என்று தனபால் சொன்னான். காலிச் சாக்கு தட்டையாகக் கிடப்பதுபோலத்தான் தெரிந்தது; சுஜாதாவும் நம்பினாள். இருபதடி தள்ளிப் போய் நின்றார்கள். மூடுபனியில் ஜீப் பாதிதான் தெரிந்தது.

முதல் மூட்டை. சதக் என்றது. கம்பியை உருவினான், பள்ளத்தில் மிளகு.

இரண்டாவது மூட்டை. மிளகு ஈரமாக வந்தது.

மூன்றாவதில் தண்ணீர் சொட்டியது. அவன் விரலில் தொட்டு நாக்கில் வைத்து, காறித் துப்பினான்.

“எடை ஏத்த உப்புத்தண்ணி அடிச்சிருக்கீங்களா? திருட்டுப் பசங்களா,” என்றான், போனைப் பார்த்தபடி.

சுஜாதாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. நான்கு நாள் பாறையில் காய வைத்த மிளகு அது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது அந்த வாடை வந்தது. உப்பும் கவிச்சியும் ஊறிய மரமும் சேர்ந்த வாடை. கடலை அவள் ஒரே ஒரு தடவை, திருச்செந்தூரில் பார்த்திருக்கிறாள். ஐயாயிரம் அடி உயரத்து மலையில் அந்த வாடைக்கு என்ன வேலை?

நான்காவது மூட்டை. பள்ளத்தில் மிளகே இல்லை. நீளமாக ஒரு கற்றை மயிர் சுற்றிக்கொண்டு வந்தது. பாலகுமார் அதை உதறினான். ஐந்தாவதிலும் அதுவே வந்தது.

பங்களாப் பக்கமிருந்து இன்பமேரி டம்ளரோடு வந்தாள். “பாப்பாக்கு வரக்காப்பி வெச்சேன். எங்க அவ?” என்றாள்.

“உங்க கிட்டத்தானுங்களே வந்தா?”

“இல்லயே கண்ணு. இன்னைக்கு வரவேயில்லயே.”

சுஜாதா ஓடினாள்.

மூடுபனிக்குள் பாலகுமாரின் குரல் கேட்டது. “ஆறாவதா ஒண்ணு மூலைல ஒளிச்சு வெச்சிருக்காங்க பாருங்க.”

கம்பி மேலே எழும்பியது தெரிந்தது.

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

சதக்.

கம்பி சாக்கின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்து ஜீப்பின் தகரத்தில் இடித்தது. அவன் உருவினான். பள்ளம் நெடுகச் சிவப்பு.

சுஜாதா எப்படி ஜீப்பில் ஏறினாள், எப்படிச் சாக்கின் வாயைப் பிரித்தாள் என்பது அவளுக்கே தெரியாது. ஹரிணி உள்ளே சுருண்டு கிடந்தாள். கண் விழித்திருந்தது. உடம்பெல்லாம் நனைந்திருந்தது. சட்டையைத் தூக்கி, முதுகைத் திருப்பி, தலைமுடிக்குள்கூடத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. சாக்கில் மட்டும், பிள்ளையின் நெஞ்சு இருந்த இடத்துக்கு நேராக, இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை.

“நாங்க கூப்பிட்டோமே சாமி, ஏன் குரல் குடுக்கல?”

“அந்தக்கா என் வாயப் பொத்திக்கிட்டாங்கம்மா. சத்தம் போடாத, போட்டா மாட்டிக்குவோம்னாங்க.”

“எந்தக்கா?”

“உள்ள இருந்தாங்களே. கம்பி வந்தப்ப என்னைய அந்தாண்ட தள்ளிட்டு அவங்க இந்தாண்ட வந்துட்டாங்க.”

தனபால் பிள்ளையை வாங்கிக்கொண்டான். சுஜாதா இறங்கிப் போய் பாலகுமாரின் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கினாள். அதன் முனையை அவன் தொப்புளுக்கு நேராக வைத்தாள். விருந்தாளிகள் போனைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

“உள்ள என்ன இருக்குதுன்னு குத்திப் பாக்கட்டுங்களா சார்?”

உண்மையிலேயே குத்தியிருப்பாள். அத்தனை ஆத்திரம் அவளுக்கு. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக் கை நின்றது. கத்துவதற்கு வாயைத் திறக்கப் பார்த்தான்; உதடு பிரியவில்லை. அவன் வாயின் மேல் ஈரமாக ஐந்து விரல் தடம் பதிந்திருந்தது. தடத்தின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு.

அவள் கம்பியை மண்ணில் எறிந்தாள். வண்டியைத் திருப்பச் சொன்னாள். வாழவந்தி ஊர் நர்ஸம்மா வீட்டிலிருந்து டாக்டரைப் போனில் கேட்டுக்கொள்ளலாம். இப்போது வீட்டுக்குப் போக வேண்டும். தனபால் வண்டியைத் திருப்பினான்.

ஏற்றத்தில் ஜீப் முக்கியது. ஐந்து மூட்டையோடு இறங்கி வந்த வண்டி அதே ஐந்து மூட்டையோடு ஏற மாட்டேன் என்றது. தனபால் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். அதற்கப்புறம் பார்க்கவில்லை. ஹரிணி அம்மாவின் மடியில் உறங்கிப்போனாள், காய்ச்சல் விட்டிருந்தது.

வீட்டு வாசலில் மூட்டைகளை இறக்கினான். ஐந்தும் காய்ந்த மிளகு, ஈரமில்லை. கடைசியில் காலிச் சாக்கை எடுக்கப் போனவன் கையை இழுத்துக்கொண்டான்.

“ஏனுங்க, என்ன?”

“தூக்க முடியல சுஜா. உள்ள இருக்குது.”

சாக்கின் வாய் மூடியிருந்தது. சுஜாதா பிரித்துப் போட்ட சாக்கு அது. இரண்டு ஓட்டைகளிலிருந்தும் தண்ணீர் சொட்டி வாசலில் ஓடியது.

பயம்தான். ஆனாலும் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பிய ஒருத்தியைக் குத்திக் கொன்று, சோதித்தாயிற்று என்று எழுதி வைத்தானே ஒருவன். அந்தக் கம்பியை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டானே இன்னொருவன். சுஜாதா சாக்கின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“ஊட்டுக்கு வந்துட்டீங்க,” என்றாள். “இங்க கம்பியில்ல, கேட்டும் இல்ல. இனிமே சத்தம் போடலாமுங்க.”

தண்ணீர் சொட்டுவது நின்றது.

பிறகு சாக்கு மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தது.

அந்த அலறலைச் செம்மநத்தம் முழுக்கக் கேட்டது. கஸ்டம்ஸ் பங்களாவில் இன்பமேரியும் கேட்டாள்.

தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு, மூடுபனி இறங்குகிற நேரத்தில், இன்னும் கேட்கிறது.