பதினேழாம் கட்டு

பதினேழாம் கட்டின் நாடா அவிழ்ந்து கிடந்தது. நீதிமன்ற ஆவணக் காப்பகத்தில் மூன்று வருடங்களுக்கு முன் காப்பாளரான அவளே இரட்டை முடிச்சுப் போட்டுக் கடைசித் தட்டில் தள்ளிவைத்த கட்டு அது. அதன்பின் யாரும் கேட்டதில்லை, இன்று காலை வந்த அந்தப் பள்ளி ஆசிரியையைத் தவிர.

"என் கொள்ளுப்பாட்டியோட அம்மா, அடிமை இல்லைன்னு வழக்குப் போட்டிருக்காங்க மேடம். அவங்க பேராவது தெரிஞ்சா போதும்."

"செல்லரிச்சுப் போச்சும்மா. தொட்டாலே உதிருது."

கூசாமல் வந்தது பொய். காகிதம் கிண்ணென்று இருந்தது. வழக்குப் போட்ட அந்தத் தாயும் நான்கு பிள்ளைகளும் தன் உடைமை என்று சாதித்து வென்றவர், பொய் சொன்ன இந்தக் காப்பாளரின் தாத்தாவின் தாத்தா. வீட்டில் இன்றும் அவர் பெரிய மனுஷர். குட்டு உடைந்துவிடுமே என்றுதான் பட்டியலில் 'சிதைந்தது' என்று பதிந்திருந்தாள். ஆசிரியை நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் நெஞ்சை அறுத்தது.

மதியம், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் விடாமல் முனக, பழைய பசையின் புளித்த வாடை தொண்டையில் படிய, இரும்பு அலமாரிகளின் நிழல் மேஜைவரை நீண்டிருக்க, ஆசிரியைக்கு அனுப்பலாமென்று கட்டை எடுத்து ஸ்கேனரின் முன் வைத்தாள். அந்தப் பெரிய மனுஷரின் கையெழுத்துள்ள பக்கத்தை மட்டும் விட்டுவிடலாம் என்று மனசாட்சியோடு பேரம் பேசினாள். வெட்கமாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் தாளில் உடைமைப் பட்டியல். தாயின் பெயர். கீழே பிள்ளைகள், வயதும் அங்க அடையாளமுமாக. புருவத்தில் தழும்பு. சுண்டுவிரல் இல்லை. நான்கு வரிகள்.

ஐந்தாவதாக ஒன்று இருந்தது.

மை பளபளத்தது. விரலில் ஒட்டியது.

'பெண். வயது ஒன்பது. இடது காதின் பின் மச்சம். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.'

மகளுக்கும் அங்கேதான் மச்சம்; பல் நேற்றுத்தான் விழுந்தது. வலிக்கிறதென்று சித்தியோடு வீட்டில் இருக்கிறாள். உடனே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, ஒரு தாத்தா வந்திருக்கார். உன் மூக்கு மாதிரியே மூக்கு. வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினார்."

"சித்தியைக் கூப்பிடுடி!"

"சித்தி இங்கதான் இருக்காம்மா. அவ கண்ணுக்கு யாரும் தெரியலையாம்."

தாளில் மை ஊறியது. எழுதும் கை இல்லை. 'உயரம்' என்று ஒரு சொல்.

"அம்மா, சுவரோட ஒட்டி நிக்கணுமாம்."

அவள் உள்ளங்கையால் தாளை அழுத்தி மூடினாள். கைக்கு அடியில் எழுத்து நகர்ந்துகொண்டே இருந்தது.