நடுவில் விட்ட இடம்

இரண்டாவது கோட்டிங் அடித்த மறுநாள் காலை, செந்தாமரை காப்பித் தம்ளரோடு சாப்பாட்டு அறைக்குள் வந்தபோது அந்தக் கறைகள் திரும்பி வந்திருந்தன. மாம்பழ மஞ்சள் பூசிய தெற்குச் சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், உள்ளங்கை அகலத்தில் நான்கு கறைகள். முதலில் இரண்டு, நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி, பிறகு இரண்டு. முதல் கோட்டிங்குக்குப் பிறகு எங்கே முளைத்தனவோ அதே இடம், அதே அளவு. வாடகை வீட்டுச் சுவருக்குக் கைக்காசைப் போட்டுப் பெயின்ட் அடிப்பவளைப் பார்த்துத் தெருவே சிரித்தது போதாதென்று இப்போது சுவரும் சேர்ந்துகொண்டதா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பெயின்டர் அன்பரசனைக் கூப்பிட்டாள். அவர் சுவரோரம் குந்தி, ஒரு கறையை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஓதமா?" என்று கேட்டாள்.

"ஓதம்னா சுவரு சில்லுன்னு இருக்கும்ங்க, உப்புப் பூக்கும். இது எண்ணெய்." விரலை முகர்ந்தார். "தலைக்கு வைக்கிற எண்ணெய் மாதிரி இருக்கு."

"இங்க யாரு சுவத்துக்கு எண்ணெய் வச்சா?"

அன்பரசன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "உங்க போர்ஷன் பின்னாடி சேத்துக் கட்டுனதுங்க. இந்த ஒரு சுவருதான் பழைய வீட்டோடது. முன்ன இது கொல்லைத் தாழ்வாரமா இருந்துச்சு. பண்ணையில வேல செஞ்சவங்களுக்கு இங்கதான் கஞ்சி ஊத்துவாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு. உள்ள வரக் கூடாதுல்ல. இந்தச் சுவத்துல சாஞ்சு வரிசையா குந்தியிருப்பாங்களாம். தலை பட்டுப் பட்டு ஊறுன எண்ணெயா இருக்கும்."

"அதெல்லாம் நடந்து எத்தன வருசம் இருக்கும்?"

"அம்பது இருக்கும்ங்க."

"அம்பது வருசத்து எண்ணெய் காயாதா?"

அன்பரசன் பிரஷ்ஷை எடுத்து வாளிக்குள் போட்டார். "மூணாவது கோட்டு வேணாம்ங்க, வீணாப்போயிடும். ஸ்டிக்கர் எதாச்சும் ஒட்டி மறைச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, மிச்ச வேலைக்கு மதியம் வருவதாகச் சொன்னவர் வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அன்றைக்கு வள்ளியம்மை சாப்பிட வருகிறார்.

மாமியார் வருகிறார் என்றால் மற்ற பெண்கள் சமையலைப் பற்றிக் கவலைப்படுவார்கள். செந்தாமரை நாற்காலிகளைப் பற்றிக் கவலைப்பட்டாள். ராம்கிக்கும் அவளுக்கும் கல்யாணமாகி மூன்று வருடம். அதில் அவன் அம்மா இரண்டு முறை இவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்; இரண்டு முறையும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முதல் முறை விரதம், இரண்டாவது முறை வயிறு சரியில்லை. தலைப்பொங்கலுக்கு இவர்கள் அங்கே போனபோது கூடத்தில் எல்லோருக்கும் இலை விழுந்தது. "இடம் பத்தலம்மா" என்று இவளுக்கு மட்டும் பின்கட்டில் தனியாகப் போட்டார்கள். இடம் ஏன் பத்தவில்லை என்பது ஊருக்கே தெரியும். செந்தாமரையின் தாத்தா அவர்கள் வயலில் நாற்றுப் பறித்தவர். பேத்தி மன்னார்குடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தால் மட்டும் அது மாறிவிடுமா? அன்றைக்கு இலையை மடித்துவிட்டு எழுந்தபோதே அவள் முடிவு செய்தாள்: தன் வீட்டில் மேசை இருக்கும், ஆறு நாற்காலி இருக்கும், எவரும் எவரையும் தனியாக உட்கார வைக்க மாட்டார்கள்.

போன வாரம் வள்ளியம்மையே போன் செய்தார். "ஞாயித்துக்கெழம வர்றேம்மா. உன் கையால ஒரு வாய் சாப்பிடணும்." போனை வைத்துவிட்டு செந்தாமரை பத்து நிமிடம் அழுதாள். சந்தோஷமாகத்தான் அழுதாள்.

ஆகவே அறை தயாராக வேண்டும். தெற்குச் சுவர் முழுக்க, வெளிர்ப் பச்சையில் கொடி ஓடும் ஸ்டிக்கர் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டினாள். மேசைக்கு மேலே மூங்கில் கூடை விளக்கு. கொல்லைப்பக்க ஜன்னலுக்குத் தாள் நிறத்துக்குப் பொருத்தமாகத் திரை. நடுமேசையில் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அதில் நந்தியாவட்டை. புதன்கிழமை சாயங்காலம் வாசலில் நின்று பார்த்தபோது பத்திரிகைப் படம் மாதிரி இருந்தது. வாடை மட்டும் போகவில்லை. ஈர வைக்கோல், சேறு, அதற்கு அடியில் புளித்த கஞ்சித் தண்ணீரின் வாடை. ஐப்பசி மாதம், சுற்றிலும் சம்பா நடவு, ஊரெல்லாம் சேற்று வாடைதான் என்று ஊதுபத்தி ஏற்றி வைத்தாள்.

வியாழக்கிழமை ராம்கி மேசையில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான். "ஆறு நாற்காலி வாங்கிப் போட்டுட்டு நின்னுக்கிட்டே சாப்பிடுறியே, தாமர."

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அந்த மேசை வந்து மூன்று வாரம் ஆகிறது. அவள் ஒரு வேளைகூட அதில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. உட்காருவாள், எதையாவது எடுக்க எழுவாள், பிறகு நின்றபடியே தட்டு காலியாகிவிடும்.

வீம்புக்கு உட்கார்ந்தாள். தோசையைப் பிட்டு வாயருகே கொண்டுபோனபோது கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது. தன் கையில் இருக்கும் துண்டைக் கீழேயிருந்து யாரோ பார்க்கிறார்கள் என்று தோன்றியது. அது கோபமான பார்வை இல்லை. பசித்தவன் பிறர் கையைப் பார்க்கும் பார்வை. அடுத்த நொடி அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன?" என்றான் ராம்கி.

"அந்தச் சுவரோரம் யாரோ இருக்கற மாதிரி இருக்கு."

"அம்மா வர்ற டென்ஷன்" என்று சொல்லிவிட்டு அவன் இன்னொரு தோசை கேட்டான்.

வெள்ளிக்கிழமை அவளுடைய அம்மா அம்சவல்லி முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் கொண்டுவந்தாள். வழக்கம்போலப் பின்வாசல் வழியாக வரப் பார்த்தவளை முன்வாசலுக்கு வரவழைத்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்து, மேசைக்குத் தலைமாட்டில் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள் செந்தாமரை. அம்மா கூச்சத்தோடு சிரித்தாள். செந்தாமரை காப்பி கலந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

நாற்காலி காலியாக இருந்தது. அம்சவல்லி சுவரோரம் தரையில் குந்தியிருந்தாள். ஸ்டிக்கர் கொடிகளுக்கு நடுவே, தாளுக்கு அடியில் மறைந்திருந்த இரண்டு கறைகளுக்கும் இரண்டு கறைகளுக்கும் மத்தியில் விட்ட இடத்தில், தலை சரியாகப் பொருந்தச் சாய்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில் குவிந்திருந்தன.

"அம்மா! நாற்காலில உக்காருன்னுதான சொன்னேன்?"

அம்சவல்லி திடுக்கிட்டு மகளைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். "உக்காந்துதான்டி இருந்தேன். எப்ப எந்திரிச்சேன்னு தெரியல." எழுந்து, காப்பியைத் தொடாமலே பையை எடுத்துக்கொண்டாள். "இந்த ரூமு வேணாம் தாமர. கூடத்துல பாயப் போட்டு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க."

"மறுபடியும் தரையிலயா? முடியாது."

"ரோசத்துக்கு ஒரு எடம் இருக்குடி" என்றாள் அம்மா. வெளியே போகும்போது அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நடந்து போனாள்.

அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாம். செந்தாமரைக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரியதாக அந்தப் பின்கட்டு இலை அவளுக்குள் கிடந்தது.

சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் ஸ்டிக்கர் தாளிலும் எண்ணெய் ஊறியிருந்தது. அதே நான்கு. அவள் குனிந்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு கறையில் கையை வைத்தாள். சூடாக இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோலச் சூடு. அடுத்தது, சூடு. நடுவில் விட்ட இடத்தில் வைத்தாள். அங்கே மட்டும் சில்லென்றிருந்தது. பிறகு மறுபடியும் சூடு, சூடு.

கையை எடுத்தாள். அறையில் ஊதுபத்தி வாசமில்லை. சேறு. ஈரத் துணி. மிக அருகில், அவள் இடுப்பு உயரத்தில், ஒரு தொண்டை எச்சில் விழுங்கியது.

பிறகு இன்னொன்று.

அவள் விளக்கை அணைக்காமலே கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை கொட்டியது. மத்தியானம் பன்னிரண்டரைக்கே மூங்கில் விளக்கைப் போட வேண்டியிருந்தது. வள்ளியம்மை குடையை வாசலில் சாய்த்துவிட்டு, ஈரப் புடவையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். சாப்பாட்டு அறை வாசலில் நின்று பார்த்தார். திரை, விளக்கு, பூ, மேசையில் வரிசையாகப் போட்ட மூன்று இலைகள். செந்தாமரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குப் பின்கட்டுல இலை போட்டேன்ல. எடம் இருந்துச்சும்மா. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அத நெனச்சு நெனச்சு நான் பட்டது கொஞ்சமில்ல."

"போனது போகட்டும் அத்த. உக்காருங்க." அவ்வளவுதான் அவளால் பேச முடிந்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது. சுவர்ப்பக்கம் பார்ப்பதில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

ராம்கி உட்கார்ந்தான். வள்ளியம்மை உட்கார்ந்தார். செந்தாமரை கூட்டு, பொரியல், அப்பளம் வைத்து, சோறு போட்டு, சாம்பார் ஊற்றினாள். ரசப் பாத்திரத்தை மேசை ஓரத்தில் வைத்தாள். ராம்கி சாப்பிட ஆரம்பித்தான். வள்ளியம்மை இலையில் கை வைக்கவில்லை.

"நீயும் உக்காரு தாமர. நீ உக்காந்தாத்தான் நான் சாப்பிடுவேன்."

மூன்று வருடமாக அவள் காத்திருந்த வார்த்தை. நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள். மாமியாரும் பிசைந்தார். இரண்டு கைகளும் ஒன்றாக எழுந்தன. வள்ளியம்மை முதல் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். "நல்லாருக்கும்மா" என்றார்.

செந்தாமரையின் கவளம் பாதியில் நின்றது.

கீழே அசைவு.

பார்க்காதே. சாப்பிடு.

கவளம் இலையில் விழுந்தது. அவள் கால்கள் எழுந்தன. உட்கார் என்றாள். மனதுக்குள் கத்தினாள். கால்கள் கேட்கவில்லை.

"என்னம்மா வேணும்?" என்றார் வள்ளியம்மை.

ஒன்றுமில்லை அத்தை என்று சொல்ல நினைத்தாள். வாய் திறக்கவில்லை. ஓர் அடி. இரண்டு அடி. மூன்றாவதில் உடம்பு திரும்பியது. முதுகு சுவரில் பட்டது. வழுக்கிக் கீழே இறங்கியது. தலை அந்த இடத்தில் போய்ப் பதிந்தது. சில்லென்றிருந்த சுவர் மெல்லச் சூடேறியது. இடது தோளில் ஓர் ஈரத் தோள் உரசியது. வலது தோளில் இன்னொன்று. யாரோ கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.

அவள் கைகள் இரண்டும் சேர்ந்தன. குவிந்தன. உயர்ந்தன.

"எந்திரிம்மா." வள்ளியம்மை கெஞ்சினார். "தாமர, வேணாம்மா. என் கண்ணுல்ல, எந்திரி." சொல்லிக்கொண்டே அவரும் எழுந்தார். அவருடைய கை ரசப் பாத்திரத்தைத் தூக்கியது. அந்தக் கையை அவர் வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். "நான் இல்லம்மா. நான் தூக்கல. டேய் ராம்கி! ராம்கி!"

ராம்கி தலை நிமிரவில்லை. அவன் கை இலைக்கும் வாய்க்குமாகச் சீராகப் போய்வந்துகொண்டிருந்தது.

வள்ளியம்மை வந்தார். ஒரு கை தூரத்தில் நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். எங்கும் பட்டுவிடாதபடி பாத்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். சாய்த்தார்.

வந்தது ரசம் இல்லை. வெள்ளையாக, தண்ணியாக, புளித்த வாடையோடு, உயரத்திலிருந்து அவள் கைக்குள் விழுந்தது. அவள் குனிந்து உறிஞ்சினாள். பசித்தது. இத்தனை நாளும், இத்தனை வருடமும் சாப்பிடாததுபோலப் பசித்தது. வேறு எதையும்விட அந்தப் பசிதான் அவளைப் பயமுறுத்தியது.

வள்ளியம்மையின் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அவர் ஓர் அடி தள்ளி நின்றார். செந்தாமரைக்குப் பக்கத்தில், வெறும் சுவருக்கு முன்னால், மறுபடியும் பாத்திரத்தைச் சாய்த்தார்.

ஒரு சொட்டுகூடத் தரையில் விழவில்லை.